மேடையிலிருந்து சபைக்கு: ஹோவர்ட் தர்மனின் திரும்புதலும் நம் கேள்விகளும்



நம் இலக்கியத்தில் வெளியேறுதலுக்குத் தனி மரியாதை உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தம் தழுவினார். அம்பேத்கர் 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். 21 ஆண்டுகள் கழித்து நாக்பூரில் அதைச் செய்தும் காட்டினார். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த பாமா எழுதியதுதான் 1992இல் வெளிவந்த 'கருக்கு'. வெளியே வந்தவர்கள்தான் நமக்கு வழி சொன்னவர்கள். ஆகவே 'திரும்பிப் போதல்' என்று நாங்கள் இன்று பேச வந்திருப்பதைச் சிலர் சந்தேகத்தோடு கேட்பீர்கள். அந்தச் சந்தேகம் நல்லது. அதை வைத்துக்கொண்டே கேளுங்கள்.

இந்த உரையைச் சபைப் பணி செய்கிறவர்கள், ஒரு காலத்தில் செய்து விட்டுவிட்டவர்கள், மறுபடி செய்ய நினைக்கிறவர்கள் என்று சிலர் சேர்ந்து தயாரித்தோம். பேச எடுத்துக்கொண்ட விஷயம் சின்னதுதான். இளம் வயதில் குருத்துவ அபிஷேகம் பெற்று, சில ஆண்டுகள் கிராமச் சேகரத்தில் இருந்து, பிறகு இறையியல் கல்லூரிக்கோ, ஆய்வுக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ, இயக்கத்துக்கோ போய்விட்ட ஒருவர், நாற்பது ஐம்பது வயதில் மீண்டும் ஒரு சபைக்கு ஆயராகப் போவது. திருச்சபைக்குள் இதற்கு இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். ஆள் களைத்துவிட்டார் என்பார்கள். அல்லது அடுத்த பேராயர் தேர்தலுக்கு வாக்கு சேர்க்க இறங்கிவிட்டார் என்பார்கள். இரண்டுமே பல நேரம் உண்மை என்பதால் மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த மூன்றாவதற்குத் திருச்சபையில் 'அழைப்பு' என்று பெயர். சபைக்கு வெளியே இருக்கிற மாணவர்களுக்குச் சொல்வதானால், இந்த மக்களிடம் நீ போயே ஆக வேண்டும் என்று உள்ளிருந்து வரும் நெருக்கடி அது. இருபது வயதில் அது வந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். ஐம்பதில் வந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

இதற்கு ஓர் உதாரணத்தைத் தேடிக்கொண்டு அமெரிக்கா போக வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த உதாரணம் நம் பக்கமும் வந்து போனது. ஹோவர்ட் தர்மன். 1899இல் பிறந்தவர். ஃபுளோரிடாவின் டேடோனாவில் கறுப்பினக் குடும்பம். பாட்டி நான்சி அம்புரோஸ் அடிமையாக இருந்தவர்.

அவருடைய குழந்தைப் பருவத்திலிருந்து ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பா சால் தர்மன், மகனுக்கு ஏழு வயதாக இருந்தபோது இறந்துபோனார். அவர் ஆலயத்துக்குப் போகிறவர் அல்ல, ஞானஸ்நானம் பெற்றவரும் அல்ல. உள்ளூர்ப் போதகர் அடக்க ஆராதனையை ஆலயத்தில் நடத்த முடியாது என்று மறுத்துவிட்டார். பாட்டி சபை மூப்பர்களிடம் போய் வாதாடி ஆலயத்தைத் திறக்க வைத்தார். பிரசங்கம் செய்ய ஊர் ஊராகப் போகும் ஒரு சுவிசேஷகர் கிடைத்தார். அவரோ, இறந்தவரை முன்னால் கிடத்திவைத்துக்கொண்டு, இந்த மனிதன் நரகத்துக்குத்தான் போவான் என்று பிரசங்கித்தார். முன் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்ட சிறுவன், வளர்ந்த பிறகு திருச்சபையோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டதாகத் தம் சுயசரிதையில் எழுதினார்.

அதே பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் அவருக்கு வேதாகமம் வாசித்துக் காட்டுவான். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். விதிவிலக்காக, அன்பைப் பற்றிய கொரிந்தியர் அதிகாரத்தை எப்போதாவது. காரணத்தைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் சொன்னார். அடிமைக் காலத்தில் எஜமானின் வெள்ளைப் போதகர் வந்தால், அடிமைகளே எஜமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பவுலின் வசனத்தையே திரும்பத் திரும்பப் பிரசங்கிப்பாராம். விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியை இனி வாசிக்க மாட்டேன் என்று அன்றே உறுதி எடுத்திருந்தாராம். நாம் இறையியல் கல்லூரியில் மறுவாசிப்பு என்று இரண்டு பருவம் படித்ததை எழுத்தறியாத ஒரு கிழவி சமையலறையில் நடத்தியிருக்கிறார். நம் ஆத்தாக்களும் இப்படி எதை எதையெல்லாம் வாசிக்க விடாமல் தள்ளி வைத்தார்கள் என்று யாராவது சேகரித்தால் அது நல்லதொரு நூலாகும்.

சரி, திருச்சபையே வேண்டாம் என்ற பையன் போதகரானது எப்படி? அதை இங்கே சுருக்கிவிடுகிறோம். படித்தார், அபிஷேகம் பெற்றார், 1926 முதல் 1928 வரை ஒஹையோ மாநிலம் ஓபர்லினில் ஒரு பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராக இருந்தார். பிறகு அட்லாண்டாவில் கல்லூரி ஆசிரியர். 1932 முதல் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகம். ஹார்வர்ட் அல்ல, கறுப்பின மக்களின் கல்விக்காக உள்நாட்டுப் போருக்குப் பின் எழுந்த ஹோவர்ட். அங்கே பேராசிரியர், பிறகு பல்கலைக்கழகச் சிற்றாலயத்தின் தலைமைக் குரு. நாடெங்கும் மாணவர் மாநாடுகளுக்கு அழைக்கப்பட்ட பேச்சாளர். ஒரு கறுப்பினப் போதகர் அந்தக் காலத்தில் எட்டக்கூடிய உயரமான இடங்களில் அது ஒன்று.

1935 அக்டோபரில் அவர் கொழும்பில் வந்து இறங்கினார். அம்பேத்கர் இயோலாவில் பேசிய அதே மாதம். மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தின் அழைப்பில் வந்த நான்கு பேர் கொண்ட கறுப்பினக் குழுவுக்கு அவர் தலைவர். மனைவி சூ பெய்லி தர்மனும் அதில் இருந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும் அங்கிருந்த வழக்கறிஞர் ஒருவர் அவரைத் தனியே அழைத்துக் காபி கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். உங்கள் முன்னோரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள். அடிமைக் கப்பல் ஓட்டியவர் எழுதிய ஞானப்பாட்டை இன்றும் பாடுகிறீர்கள். உங்களை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு எரிப்பவர்களும் ஞாயிறு ஆலயத்துக்குப் போகிறவர்கள்தான். அப்படியிருக்க இந்த மதத்தின் தூதராக இங்கே வந்து நிற்கிறீர்களே, உலகத்தின் கறுத்த மக்களுக்கெல்லாம் நீங்கள் துரோகி அல்லவா?

நண்பர்களே, இந்தக் கேள்வியை நாம் நன்கு அறிவோம். தலித் கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் ஏதாவதொரு தேநீர்க் கடையில் இதைக் கேட்டிருப்பார். இயக்கத் தோழரும் கேட்பார், சாதி இந்துவும் கேட்பார், இருவரின் நோக்கம் மட்டும் வேறு. தர்மன் அன்று சொன்ன பதில் ஒரு வேறுபாடு: இயேசுவின் மதம் வேறு, இயேசுவைப் பற்றிக் கட்டப்பட்ட மதம் வேறு, முதுகு சுவரில் இடித்து நிற்கிறவர்களுக்கு முதலாவது என்ன சொல்கிறது என்பதே தம் தேடல் என்றார். 1949இல் வெளிவந்த 'இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும்' என்ற அவருடைய நூல் இந்தக் கொழும்புக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. பதில் அழகான பதில். ஆனால் வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் போதாது, அந்த முதல் மதம் நடக்கிற ஓர் இடத்தைக் காட்ட வேண்டும் என்ற சிக்கல் அவரை விடவில்லை.

இந்தியாவில் அவர் தாகூரைச் சந்தித்தார். 1936 பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். தீண்டாமை பற்றிக் காந்தி சொன்ன விளக்கத்தை, 'ஹரிஜன்' என்ற பெயர்சூட்டல் உட்பட, மரியாதையோடே பதிவு செய்தார். அந்தப் பெயரை நாம் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த ஆண்டு மே மாதத்தில் 'சாதி ஒழிப்பு' அச்சாகி வந்தது. அம்பேத்கரின் வாயிலிருந்து தீண்டாமையைக் கேட்டிருந்தால் தர்மன் வேறு விதமாக எழுதியிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது. தோன்றுவதுதான், நிரூபிக்க வழியில்லை. பயணத்தில் இன்னொன்று நடந்தது. கைபர் கணவாயில் நின்றபோது, நிறவேற்றுமையைத் தாண்டி மக்கள் சேர்ந்து வழிபடும் ஒரு சபை சாத்தியமா என்று ஊருக்குத் திரும்பிச் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்ற உறுதி தமக்குள் பிறந்ததாக அவர் எழுதினார்.

அப்புறம் எட்டு ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. இந்த இடைவெளி முக்கியம். அழைப்பு வந்த அன்றே யாரும் மூட்டை கட்டுவதில்லை. அவருக்கு வேலை இருந்தது, இரண்டு மகள்கள் இருந்தார்கள், ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்குக் கூட்டம் வந்தது.

1943இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஆல்ஃபிரட் ஃபிஸ்க் என்ற வெள்ளையரிடமிருந்து கடிதம். அவர் தத்துவப் பேராசிரியர், பிரெஸ்பிட்டேரியன் குருவானவர். இரு நிறத்தவரும் சேர்ந்த ஒரு சபையைத் தொடங்குகிறோம், என்னோடு இணைப் போதகராக இருக்க ஓர் இளம் கறுப்பினத்தவரைப் பரிந்துரைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். மாணவராக இருந்தாலும் பரவாயில்லை, பகுதி நேரமாக இருந்தாலும் போதும் என்ற அளவில்தான் எதிர்பார்ப்பு. தர்மன் யோசித்து, தம்முடைய பெயரையே எழுதி அனுப்பினார். பல்கலைக்கழகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு 1944 ஜூலையில் குடும்பத்தோடு கண்டத்தின் மறுகோடிக்குப் போனார். அவருக்கு 44 வயது. மேற்கொண்டு ஒரு பதவியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இருந்த பதவியைவிடப் பல படி கீழே இருந்த ஒன்றை, அதுவும் இன்னொரு இளைஞனுக்கென்று ஒதுக்கியதை, கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன இடம் எப்படிப்பட்டது? 1942இல் அமெரிக்க அரசு மேற்குக் கரையின் ஜப்பானிய வம்சாவளியினரை வீடுகளிலிருந்து பிடித்து முகாம்களில் அடைத்திருந்தது. அவர்கள் காலி செய்த தெருக்களில், கப்பல் கட்டும் தளங்களில் வேலைக்கு வந்த தென் மாநிலக் கறுப்பினத்தவர் குடியேறிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் கூடிவந்த கட்டடத்தில்தான் புதிய சபை முதலில் கூடியது. ஒரு மக்களை விரட்டிய இடத்தில் இன்னொரு மக்கள் ஒற்றுமை பேசிக் கூடியதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. சேரியை அகற்றிய மனையில் கட்டிய சமுதாயக் கூடத்தில் சமத்துவம் பேசியவர்கள் நமக்குத் தெரியும்.

சபைக்கு எல்லா மக்களின் ஐக்கியச் சபை என்று பெயர். 1946இல் ஃபிஸ்க் விலகினார். தர்மனும் பல்கலைக்கழகத்துக்கு இனித் திரும்புவதில்லை என்று எழுதிவிட்டார். எந்தத் திருச்சபைப் பிரிவின் பணமும் கட்டுப்பாடும் வேண்டாம் என்று சபை தன்னிச்சையாக நின்றது. வாரந்தோறும் சபைத் தாளில் அவர் எழுதிய தியானக் குறிப்புகள் பின்னர் நூல்களாயின. நன்கு கவனியுங்கள்: பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தைவிடச் சபையில் இருந்த காலத்தில்தான் அவருடைய முக்கியமான எழுத்து வெளிவந்தது. சபைக்குப் போனால் எழுத்து செத்துவிடும் என்று நம் நண்பர்கள் பயமுறுத்தும்போது இதைச் சொல்லுங்கள். 1953இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் அழைத்தபோது போய்விட்டார். ஒன்பது ஆண்டுகள்தான். அதனால் அந்தத் திரும்புதல் தோல்வி என்று யாராவது சொன்னால், அந்தச் சபை சான் பிரான்சிஸ்கோவின் லார்கின் தெருவில் இன்றும் கூடுகிறது என்பது பதில்.

இனி நம் பக்கம் வருவோம். தர்மனை அப்படியே இங்கே நட முடியாது. அவருடையது பெருநகரச் சபை, படித்தவர்கள் நிறைந்தது. கலந்து உட்காருவதுதான் அதன் புரட்சி. இங்கே வட மாவட்டங்களில் தென்னிந்தியத் திருச்சபையின் கிராமச் சபைகள் பெரும்பாலும் முழுக்கச் சேரிச் சபைகள். கலக்க அங்கே வேறு யாரும் இல்லை. ஒரு குருவானவருக்குப் பல கிராமங்கள். இராப்போசனத்துக்கு முறை வைத்து வருவார், மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். கத்தோலிக்கப் பங்குகளில் நிலைமை வேறு. ஆலயம் ஒன்று, சாதி பல. கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர், தேர் எந்தத் தெரு வரை வரும் என்ற தகராறு. 2008இல் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தர்மன் சேர்ந்த சபை கேட்டார். எறையூர் மக்கள் பிரிந்த பங்கு கேட்டார்கள். நம் பார்வையில் இரண்டும் ஒரே கோரிக்கை. சுயமரியாதையோடு முழந்தாளிட ஓர் இடம்.

சாதியைச் சாப்பாட்டில்தான் சோதிக்க முடியும் என்பது இங்கே மிஷனரிகளுக்கே தெரிந்திருந்தது. 1847இல் மதுரையின் அமெரிக்க மிஷன், சபை ஊழியர்கள் எல்லாச் சாதியாரும் சமைத்ததைச் சேர்ந்து உண்ண வேண்டும் என்று அன்பின் விருந்து வைத்தது. உண்ண மறுத்துப் பணியை இழந்தவர்கள் பலர். இறுதி நியாயத்தீர்ப்பை நம்பியவர்கள்தான், ஒரு கவளச் சோற்றைத் தாண்ட முடியவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அதே மதுரையில், அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், நம் பறட்டை அண்ணன் தியோபிலஸ் அப்பாவு ஒரே உலை என்று பாடிக்கொண்டிருந்தார். பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார், கிராமத்து மெட்டில் வழிபாட்டு முறை செய்தார். அவரும் கல்லூரி ஆசிரியர்தான். ஆனால் பாட்டைச் சரிபார்க்கக் கிராமத்துக்குப் போனார்; மக்கள் பாடாத பாட்டு அவருக்குப் பாட்டு இல்லை. சென்னைப் பேராயராக இருந்த எம். அசரியாவும் தம் நூலின் தலைப்பில் தம்மைப் பேராயர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தலித் இறையியலைத் தேடும் ஓர் ஆயர் என்றே சொல்லிக்கொண்டார்.

திரும்பிப் போகிறவருக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரசங்க மேடை அல்ல, பதிவேடு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. மதம் பாராமல் எல்லோருக்கும் கொடுங்கள் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொன்னது தூசியடைகிறது. தமிழ்நாட்டில் மதம் மாறிய நம் மக்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய் நிற்கிறார்கள். இதையெல்லாம் எதிர்த்துக் கருத்தரங்குகளில் நாங்கள் கட்டுரை வாசித்திருக்கிறோம். கட்டுரை வாசிப்பது சுலபம்.

சபையில் ஆராதனை முடிந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வருவார். "ஐயா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுங்க. ஆனா நோட்டுல எழுதாதீங்க." அவ்வளவுதான் சொல்வார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் கல்வி உதவித்தொகை இருக்கிறது, விடுதி இடம் இருக்கிறது, இருபது வருடம் கழித்து வரப்போகிற அரசு வேலை இருக்கிறது, தனித் தொகுதியில் நிற்கும் உரிமை இருக்கிறது. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். எழுதினால் பிள்ளையின் எதிர்காலத்தில் கை வைக்கிறோம். எழுதாவிட்டால் நம் மக்கள் இருக்கிறார்கள் என்பதற்குச் சபையின் ஒரே சாட்சியை நாமே அழிக்கிறோம். நாளைக்கு எண்ணிக்கை கேட்டு அரசு வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. 25 வயது ஆயர் விதிப்புத்தகத்தைப் பார்ப்பார், அல்லது பயந்து கண்ணை மூடிக்கொள்வார். வழக்குகளைப் படித்தவர், ஆணையங்களின் முன் மனு கொடுத்தவர், தாசில்தார் அலுவலகத்தில் பேசத் தெரிந்தவர் அந்த இடத்தில் நின்றால் அந்தத் தாயோடு உட்கார்ந்து பேசவாவது முடியும். அவளுக்குப் பதில் கிடைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டம் மாறாதவரை இதற்கு நல்ல பதில் கிடையாது. ஆனால் அவள் தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்காது.

அனுபவம் வந்தவர்களைச் சபை கேட்பது இதற்காகத்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். சாவு வீட்டிலும் அப்படித்தான். தர்மனின் அப்பாவை நரகத்துக்கு அனுப்பிய பிரசங்கிகள் இங்கேயும் இருக்கிறார்கள். குடித்துச் செத்தவன், சபைச் சந்தா பாக்கி வைத்தவன், வேற்று மதத்தில் பெண் எடுத்தவன் என்று ஆலயக் கதவைச் சாத்துகிறார்கள். சாக்கடையில் இறங்கி மூச்சடைத்துச் செத்தவனின் உடலுக்கு முன்னால் என்ன ஜெபிப்பது என்று எந்த ஜெபப் புத்தகத்திலும் இல்லை. அந்த ஜெபத்தை எழுத வேண்டியவர்கள் இந்த அரங்கில்தான் இருக்கிறீர்கள், கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கொழும்பு வழக்கறிஞரின் கேள்வி எங்கள் மேலும் இருக்கிறது. போகிறவர்களைத் திருச்சபை விழுங்கிவிடலாம். மூன்று ஆண்டுக்கொரு மாற்றல், பேராயச் சொத்து அரசியல், சாதிவாரியாக எண்ணப்படும் மன்றத் தேர்தல் எல்லாம் உண்டு. தர்மன் செய்ததில் நாங்கள் பிடித்துக்கொள்வது ஒன்றை: அப்பாவுக்குக் கதவடைத்த அந்தத் திருச்சபைக்கு அவர் திரும்பவில்லை. சபைக்குத் திரும்பினார். மக்கள் கூடுகிற இடமும் அவர்களை ஆளுகிற நிறுவனமும் ஒன்றல்ல என்பதை மறந்து போகிறவர்கள் போகாமலிருப்பதே மேல்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் ஆய்வு செய்கிறவர்கள் நம் கிராமச் சபைகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் அடக்கப் பதிவேடுகளையும் போய்ப் பாருங்கள். கரையானுக்கு முன் நீங்கள் போக வேண்டும். பெயர்கள், ஊர்கள், தொழில் என்று எழுதிய இடங்களில் வரும் சொற்கள், எந்த ஆண்டோடு பதிவு மெலிந்து போகிறது என்பது எல்லாம் அதில் இருக்கிறது. எந்தெந்தக் கிராமத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதைக் கூட்டம் முடிந்து எங்களிடம் வந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.